கோட்டுக்கு வெளியே நின்றவள்

பெண்கள் கால்பந்தைப் பற்றிப் பள்ளிப் பத்திரிகையில் அதுவரை பையன்கள்தான் எழுதினார்கள். பெரிய எழுத்து! யாருடைய பின்னல் அவிழ்ந்தது, யார் வழுக்கி விழுந்தாள், இவ்வளவுதான். கோல் அடித்தது யார் என்றுகூட இருக்காது. பதினொன்றாம் வகுப்புக்காரி ஒருத்தி ஆசிரியையை நச்சரித்து நச்சரித்து அந்த வேலையை வாங்கினாள். சதா எழுதிக்கொண்டே திரிவதால் அவளுக்குப் ‘பேனா’ என்று பட்டப்பெயர்.

அணியின் கோல்கீப்பர் அவளுடைய சொந்தத் தங்கை. அங்கேதான் வில்லங்கம்.

“தங்கச்சி ஆட்டத்தை அக்கா எழுதுறாளாம், விளங்கின மாதிரிதான்” என்று பையன்கள் கேலி பேசினார்கள். ஆசிரியையும் கறாராகச் சொல்லிவிட்டார்: “கோட்டுக்கு வெளிய நில்லு. கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. ஒரு தடவை அக்காவா நடந்துக்கிட்டாலும் அடுத்த ஆட்டத்துக்கு வேற ஆளுதான்.”

பேனா சரியென்று தலையாட்டினாள்.

அரையிறுதியில் எதிரணிக்காரி ஒருத்தியின் முழங்கால் தங்கையின் தலையில் மோதியது. தங்கை எழுந்தாள். எழுந்தவள் தன் கோலை விட்டுவிட்டு எதிரணிக் கோலைப் பார்த்து நடந்தாள். பயிற்சியாளர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். “ஒண்ணுமில்ல, போ, போ.” பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

பேனா எழுதுவதை நிறுத்தினாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தன் கோல் எதுவென்று சொல்லுகிறவள் ஆயிற்றே தங்கை! ‘அவளை வெளியே எடுங்க சார்’ என்று ஒரு வார்த்தை போதும்; நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு பையன்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்ததை விழுங்கிவிட்டுக் குனிந்து எழுதினாள்: ‘அடிபட்டும் அசராமல் ஆட்டத்துக்குத் திரும்பினார் கோல்கீப்பர்.’

சற்று நேரத்தில் பந்து தங்கையின் நெற்றியில் பட்டது. இந்த முறை அவள் எழவில்லை.

துணிக்கடை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அம்மா மருத்துவமனைக்கு ஓடி வந்தாள். டாக்டர் வெளியே வந்தார். “மொத அடியிலேயே உக்கார வெச்சிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. கண்ணு முழிக்கட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தாயும் மகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ எங்கடி இருந்த?”

“கோலுக்குப் பக்கத்துலதாம்மா.”

“மொத அடி பட்டப்ப பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டு என்ன பண்ணின?”

பேனா ஏதாவது பொய் சொல்லிவிடலாம் என்று தவித்தாள்.

“எழுதிக்கிட்டிருந்தேம்மா.”

அம்மா திட்டவில்லை. எழுந்து பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.