அலெக் ஹேஸ்டியின் முன்னறை ஜன்னல்

மேல் சட்டம் இறங்காத ஜன்னலை அலெக் ஹேஸ்டி ஜன்னல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். கண்ணாடி பதித்த சுவர் என்பார். லீத் துறைமுகத்தில் எங்கள் தெருவில் நடக்கும்போது எதிரே வருகிற ஆளை அவர் பார்ப்பதில்லை. அண்ணாந்தபடி மாடி மாடியாக ஜன்னல்களைத்தான் பார்த்துக்கொண்டு போவார். பெயிண்டை அப்பி ஒட்டவைத்த எவனையோ திட்டிக்கொண்டே தபால்பெட்டியில் போய் மோதிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் வீடு மேல் மாடி. நான் நேர் கீழே. பதினைந்து வயதில் உளி பிடித்தவர், ஓய்வு பெறும்வரை இந்த ஊரின் பழைய ஜன்னல்களோடுதான் மல்லுக்கட்டினார். மேலும் கீழுமாக நகர்கிற இரண்டு மரச் சட்டங்கள், இரு ஓரத்திலும் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் கயிற்றில் தொங்குகிற இரும்புக் குண்டுகள். இந்த மனுஷனின் உலகம் அவ்வளவுதான் என்று அவர் மனைவி ஜெஸ்ஸி சொல்லிச் சிரிப்பாள். உளுத்த மரத்தைச் செதுக்கி எடுத்து அதே அளவில் புது மரம் ஒட்டுவார். கயிறு மாற்றுவார். கண்ணாடி ஓரத்துக்குப் பட்டி போடுவார். சட்டம் ஓடுகிற தடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பார். ஒரு விரலால் தள்ளினால் போகணும், விட்ட இடத்தில் நிற்கணும். அது அவருடைய கணக்கு. ஊரார் ஜன்னலெல்லாம் அப்படி ஓடியது. சொந்த வீட்டு ஜன்னல் மட்டும் நொண்டிக்கொண்டே கிடந்தது. ஜெஸ்ஸி உயிரோடு இருந்தவரை அதைத் தொட நேரம் வரவில்லை. அவள் போய்ச் சில வருஷம் கழித்துப் போன இலையுதிர்காலத்தில்தான் முன்னறை ஜன்னலைக் கழற்றிப் போட்டார். கயிறு, பட்டி, பெயிண்ட் எல்லாம் புதுசு. முடித்ததும் என்னை மேலே கூப்பிட்டுக் காட்டினார். பெயிண்ட் இன்னும் லேசாகப் பிசுபிசுத்தது. சட்டம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. காயட்டும், வெண்ணெய் மாதிரி வழுக்கும் என்றார்.

வழுக்கத்தான் செய்தது. குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

அவருடைய மகள் லோர்னா கழிமுகத்துக்கு அக்கரையில் டன்ஃபெர்ம்லினில் இருக்கிறாள். பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் வேலை. ஞாயிறு தவறாமல் பாலம் தாண்டி வருவாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிறு, முன்னறைக் கதவைத் திறந்தால் உள்ளே ஐஸ் பெட்டி. ஜன்னல் மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் திறந்திருக்கிறது. கடல்காற்று நேராக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. ஏன் திறந்து வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். நான் திறக்கவில்லையே என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மேலும் கீழும் ஒருசேரத் திறந்து வைப்பது அலெக்கின் பழக்கம்தான். சூடு மேலே போகும், காற்று கீழே வரும் என்று போகிற வீட்டிலெல்லாம் பாடம் எடுப்பார். அதனால் லோர்னாவுக்குச் சந்தேகமே இல்லை. திறக்கிறார், மறக்கிறார். பூட்டி வைக்கலாமென்றால் நடுவில் இருக்க வேண்டிய பித்தளைக் கொக்கியைக் காணோம். பெயிண்ட் அடிக்கும்போது கழற்றிப் பத்திரமாக வைத்தாராம். எங்கே என்பதுதான் நினைவில்லை. புதுக் கொக்கி வாங்கி வருகிறேன் என்றாள். இப்போது விற்பதெல்லாம் தகரம் என்று வேண்டாமென்றுவிட்டார். ஒருமுறை அவளே சட்டத்தின் இடுக்கில் மர ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டுப் போனாள். அவள் படி இறங்குவதற்குள் அலெக் அதைப் பிடுங்கி எறிந்தார். ஆப்பு வைத்த ஜன்னலோடு ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது என்று என்னிடம் சொன்னார். மறுவாரம் லோர்னா வந்தபோது ஆப்பு இல்லை, ஜன்னல் திறந்திருக்கிறது. அவள் என்ன நினைப்பாள்?

படிக்கட்டு கழுவுகிற முறைச் சீட்டு வேறு. எங்கள் கட்டடத்தில் கழுவி முடித்தவர் அடுத்தவர் கதவுக் குமிழில் அந்தச் சீட்டைத் தொங்கவிட வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் நான் கழுவி முடித்து அவர் கதவில் மாட்டிய சீட்டு, படி கழுவாமலே மறுநாள் என் கதவுக்குத் திரும்பி வந்தது. இதை நான் லோர்னாவிடம் சிரிப்பாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஜனவரியில் அவருக்கு மார்ச்சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வந்தபோது சட்டைக் காலருக்குள் கழுத்து மெலிந்திருந்தது. லோர்னா முடிவோடு வந்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் முதியவர்களுக்கான குடியிருப்பு ஒன்றில் ஓர் அறை காலியாகப் போகிறது. வசந்தம் வருவதற்குள் சரி என்று சொல்லவேண்டும். அங்கே எல்லாம் பிளாஸ்டிக் ஜன்னல், நாலு விரலுக்கு மேல் திறக்காது. இந்த ஜன்னல் ஒன்றுதான் வழக்கு. இனி ஒருமுறை திறந்திருந்தால் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியது, அவ்வளவுதான். மூளைக்கு ஒரு பரிசோதனை செய்துகொள்ளலாமே என்றும் கேட்டாள். அதற்கு மட்டும் அவர் முடியவே முடியாதென்றார்.

"சண்டைக்கு வரலைப்பா. ஒரு நாள் வந்து பார்க்கறப்ப நீங்க விறைச்சுக் கிடந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள்.

மறுநாள் அலெக் என்னிடம் வந்து உட்கார்ந்தார். என் சமையலறையில் பருப்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் வேகிற, அவருக்குப் பிடித்த பன்றிக்கால் எலும்பைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், தூக்கத்தில் எழுந்து நடக்கிறவர்கள் உண்டாமே, உனக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"நான் திறக்கலைன்னுதான் எனக்குத் தோணுது, பொண்ணே. ஆனா ஜன்னல் திறந்திருக்கே. அப்ப எனக்குத் தோணுறதை நான் எப்படி நம்புறது?"

அன்று இரவு முன்னறைக் கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். மூடிய ஜன்னலை இருவருமாகப் பார்த்தோம். பூட்டினோம். சாவியை என் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் காலை அவரோடு போய்த் திறந்தேன். மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண்.

கீழே டிராம் போனது, கண்ணாடி லேசாக அதிர்ந்தது. ஜெஸ்ஸியாக இருக்குமோ என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"அவளுக்கு ஊதக்காத்து ஆகாது. அவளா இருந்தா மூடியிருப்பா" என்றார்.

அவர் திறக்கவில்லை என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி. அவருக்கு அதுவும் இல்லை. வேறு சாவி இருக்கிறதா, அது தன்னிடமே இருந்து தனக்கே தெரியாமல் இருக்கிறதா என்று கோட்டுப் பைகளைத் தடவிக்கொண்டு நின்றார். ஐம்பது வருஷம் ஜன்னல் பார்த்த ஆளுக்கு ஜன்னல்மீது சந்தேகம் வராதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிறகு கேட்டுக்கொண்டேன். வேறு எவன் செய்த வேலையாக இருந்தாலும் முதல் பார்வையிலேயே வந்திருக்கும். இது அவர் கையால் செய்தது. கையைச் சந்தேகப்படுவதைவிடப் புத்தியைச் சந்தேகப்படுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஜாக் மெல்ரோஸைக் கூப்பிட்டது நான்தான். அலெக்கோடு கடைசிவரை ஒரே வண்டியில் வேலைக்குப் போனவர். இடுப்பு ஆபரேஷன் முடிந்து குளிர்காலம் முழுக்க வீட்டோடு கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை, லோர்னா வந்திருந்த நேரத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாடி ஏறி வந்தார். ஒவ்வொரு தளத்திலும் நின்று, மேல்மாடியில் வீடு வாங்கிய அலெக்கின் புத்தியைத் திட்டியது எங்களுக்குக் கேட்டது.

"என்னடா, ஜன்னலோட பேச்சுவார்த்தை இல்லையாமே?" என்றபடி உள்ளே வந்தார். "பொண்டாட்டி போனா ஜன்னலும் கோவிச்சுக்குமா?"

"வாயை மூடிட்டு உட்காரு. மூச்சு வாங்குது பாரு உனக்கு" என்றார் அலெக்.

ஜாக் உட்காரவில்லை. ஜன்னலருகே போய்க் கீழ்ச் சட்டத்தின் அடியில் ஒரு விரலை வைத்தார். தூக்கவில்லை, சும்மா வைத்தார். சட்டம் சில அங்குலம் மேலே போய் நின்றது. மேல் சட்டத்தின் விளிம்பைத் தொட்டார். அது சத்தமில்லாமல் இறங்கியது. அவர் திரும்பி அலெக்கைப் பார்த்தார். அலெக்கும் அவரைப் பார்த்தார்.

"என்ன, என்ன?" என்றாள் லோர்னா.

ஜாக் தொண்டையைச் செருமினார். புதுக் கயிறு இழுத்துக்கொடுத்துவிட்டது, சகஜம்தான், தானே வந்து சரிசெய்து தருவதாகச் சொன்னார். கயிறு நீண்டால் ஜன்னல் தானாகத் திறக்காது என்று எனக்கே தோன்றியது. லோர்னாவுக்குத் தெரியாது. ஓடிப்போய் அப்பாவின் தோளைப் பிடித்தாள்.

"அப்ப நீங்க திறக்கவே இல்லையா? ஐயோ அப்பா, நான் உங்களை என்னென்னமோ சொன்னேனே."

அலெக் அவள் கையை மெதுவாக விலக்கினார். ஜன்னலுக்கு முன் மண்டியிட்டு, ஓரப் பெட்டியின் அடியில் இருக்கிற சின்ன மரப்பலகையை உளியால் நெம்பி எடுத்தார். கையை விட்டு ஒரு குண்டை வெளியே இழுத்தார், பிறகு இன்னொன்றை. துருப்பிடித்த இரண்டு இரும்புத் துண்டுகள். ஒன்று நீளம், ஒன்று சற்றே குட்டை.

"கயிறும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. இவன் எனக்காகப் பொய் சொல்றான்."

"டேய் அலெக், விடுடா" என்றார் ஜாக்.

அவர் விடவில்லை. மகளுக்கு நிதானமாக விளக்கினார். மேல் சட்டத்துக்குக் கனமான நீளக் குண்டு, அது சட்டத்தை மேலேயே பிடித்துவைக்கும். கீழ்ச் சட்டத்துக்குக் கனம் குறைந்த குண்டு, சட்டம் தன் பாரத்தில் கீழே உட்கார்ந்திருக்கும். மாற்றிப் போட்டால் மேலே இருப்பது இறங்கும், கீழே இருப்பது ஏறும். பெயிண்ட் ஈரமாக இருந்தவரை ஒட்டிப்பிடித்து நின்றது. காய்ந்ததும், மெழுகும் தேய்த்ததும், டிராம் போகிற அதிர்வே போதுமானதாகிவிட்டது.

"மாத்திப் போட்டது நான். ரெண்டு பக்கமும்."

லோர்னாவின் முகத்தில் சிரிப்பு போகவில்லை. இதுதானா, யாருக்கும் வருகிற தப்புதானே, கைதவறிப் போயிருக்கும் என்றாள். அவளுக்கு உலகம் மறுபடி நேராகிவிட்டது. அப்பா குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு மறக்கவில்லை. அந்தக் குடியிருப்புக்குத் திங்கட்கிழமையே போன் செய்து அறை வேண்டாமென்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள்.

"போன் பண்ணாதே" என்றார் அலெக்.

ஜாக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் இருவருக்கும் இது கைதவறிய விஷயம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது அது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி. ஜன்னலைத் திறந்துவிட்டு மறப்பது ஒரு கிழவனின் மறதி. இதை மறப்பது அலெக் ஹேஸ்டியின் மறதி.

ஒரு மணி நேரம் அந்த அறையில் எல்லாம் தலைகீழாக நடந்தது. கூட்டிக்கொண்டு போயே தீருவேன் என்று வாரக்கணக்கில் நின்ற மகள், இங்கேயே இருங்கள் என்று வாதாடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டாவது இங்கேதான் இருப்பேன் என்ற கிழவர், தனக்குத் தகுதியில்லை என்றார். யார் பக்கம் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. டீ போட்டேன். யாரும் குடிக்கவில்லை.

கடைசியில் லோர்னாதான் களைத்துப்போய், இப்போதே மறுபடி போடுங்கள், பார்ப்போம் என்றாள். அலெக் தயங்கினார். பிறகு கோட்டைக் கழற்றினார். சட்டங்களை இறக்க ஜாக் ஒரு கை கொடுத்தார். அலெக் கயிற்றை அவிழ்த்தார், முடிச்சுப் போட்டார், நீளக் குண்டை எடுத்தார். எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். பெட்டிக்குள் உள்பக்கம் ஒரு தடம், வெளிப்பக்கம் ஒரு தடம். அவர் கண்கள் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்தன. ஜாக்கின் விரல்கள் கைத்தடியை இறுக்கின. பிறகு குண்டு வெளித்தடத்தில் இறங்கியது. மேல் சட்டத்தின் தடம் அது; அதுதான் சரி. எனக்கு அப்போது தெரியாது. ஜாக் மூச்சுவிட்டதிலிருந்து தெரிந்தது.

மறுபக்கமும் முடித்து, பலகையைப் பொருத்துவதற்கு முன் அலெக் தலையைத் தூக்கினார்.

"சரியா இருக்காடா?"

ஜாக் இரண்டு பெட்டியையும் எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அலெக்கிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததே இல்லை என்று பின்னர் படி இறங்கும்போது என்னிடம் சொன்னார்.

"சரியா இருக்கு."

சட்டங்களை ஏற்றி மூடினார்கள். டிராம் ஒன்று போகும்வரை எல்லோரும் நின்று பார்த்தோம். ஜன்னல் அசையவில்லை. அது அவர் நன்றாக இருப்பதற்குச் சாட்சியா, இல்லாததற்கா என்று லோர்னாவின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். அவளும் என் முகத்தில் அதையேதான் தேடிக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைக்கு அலெக் தானாகவே போனார். டாக்டர் படம் வரையச் சொன்னாராம், சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னாராம். வயதுக்கு மோசமில்லை, ஆனால் இலையுதிர்காலத்தில் மறுபடி வாருங்கள் என்றாராம். மோசமில்லை என்றால் நல்லதா என்று கேட்டாள் லோர்னா. டாக்டருக்கும் தெரியவில்லையாம்.

குடியிருப்பில் அந்த அறை வேறு யாருக்கோ போயிற்று. அதற்கு முன்னால் லோர்னா கடைசியாக ஒருமுறை, எங்கே இருக்க வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள் அப்பா என்றாள். ஜாக்கும் அங்கேதான் இருந்தார், என் சூப்பைக் குடித்துக்கொண்டு.

"இங்கதான்" என்றார் அலெக். "ஆனா இனி நான் ஜன்னல் பெட்டியைத் திறந்தா இவன் பக்கத்துல நிக்கணும்."

"நிக்கிறேன்" என்றார் ஜாக். "என் பக்கத்துல யாரு நிக்கிறது?"