சின்னம்மாவின் கும்போ

சின்னம்மாவுக்கு அமெரிக்காவில் மாப்பிள்ளை பேசத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குசினி அடுப்பு அவர் கைக்கு மாறியது.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் வாடகை வீடு. எனக்கு எட்டு வயது. சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை பார்த்தார். மாப்பிள்ளை லூசியானாவில் என்ஜினியர். என் பள்ளிக்கூட உலகப் படத்தில் லூசியானாவைத் தேடிப் பிடித்த சின்னம்மா, அடுத்த கிழமையே அந்தப் பக்கத்துச் சமையல் புத்தகம் ஒன்றை நூலகத்தில் இரவல் எடுத்து வந்தார்.

வெண்டைக்காய் கிரேக்கர் கடையில் டின்னில் கிடைத்தது. ரொட்டிக்குச் சோள மா இத்தாலியர் கடையில். கும்போ என்ற இறால் குழம்புதான் பெரிய பாடு. மாவை எண்ணெயில் போட்டு, நல்ல மண்ணிறம் வரும்வரை கை எடுக்காமல் கிண்ட வேண்டும். முதல் ஞாயிறு கருகியது. அடுத்த ஞாயிறும் கருகியது. அப்பா யன்னல்களைத் திறந்துவிட்டுப் பேப்பரோடு வெளியே போய் இருந்தார். நாலாம் ஞாயிறு சரியாக வந்தது. சின்னம்மா அகப்பையிலிருந்து ருசி பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“அவருக்குப் பிடிச்சதைப் பழகிறாள்” என்று அம்மா தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். எனக்கு ஒரு பெட்டி வர்ணப் பென்சில் தந்தார். சோற்றில் கும்போவை விட்டு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

“எங்கட மீன் கூழ் மாதிரியே இருக்கு. கொஞ்சம் பனங்கிழங்கு ஒடியல் மா போட்டிருந்தால் இன்னும் திறமாயிருக்கும்.”

“இது கூழ் இல்லை. கும்போ. உங்கட ஊர்ச் சாப்பாடு” என்றார் சின்னம்மா.

“அதுவோ? ஒன்பது வருசமா அங்கை இருக்கிறன், ஒருநாளும் வாயில வைச்சதில்லை. நீங்கள் வந்தால் புட்டும் சொதியும் சாப்பிடலாம்தானே.”

அம்மா சிரித்தார். சின்னம்மா, அங்கே ஓடும் ஆறு நிசமாகவே அவ்வளவு பெரியதோ என்று கேட்டார்.

“பாலத்தால காரில போறனான். இறங்கிப் பார்த்ததில்லை” என்றார் அவர். பிறகு ஆறுதலாகச் சொன்னார்: “நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. உங்களுக்கு வெளியில போகவே தேவை வராது.”

அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும் சின்னம்மா, “எனக்கு வேண்டாம் அக்கா” என்றார்.

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். “மூண்டு தரம் வாங்கிச் சாப்பிட்ட மனிசனில என்ன பிழை கண்டனீ?”

“ஒரு பிழையுமில்லை.”

மாப்பிள்ளை வீட்டுக்குக் கடிதம் எழுதும் வேலை அப்பாவின் தலையில் விழுந்தது. அம்மா ஒரு கிழமை தங்கையோடு பேசவில்லை. குழம்பில் உப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை சின்னம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு, இறால் வாங்கச் சந்தைக்கு வருகிறாயா என்று என்னைக் கேட்டார்.

“அவர்தான் வரமாட்டாரே, சின்னம்மா. இனி ஆருக்குச் சமைக்கிறீங்கள்?”

“எனக்கு.”

எங்கள் வீட்டில் யாரும் தனக்கென்று சமைத்து நான் பார்த்ததில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மழுப்புகிறார் என்று நினைத்து, சந்தை வரும்வரை அவரோடு கோபமாகவே நடந்தேன்.