மைனஸ் இரண்டு

பிள்ளைகளா, நேற்று நீங்கள் வர்க்கமூலக் கணக்கைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் போனீர்கள். "எனக்கென்ன தெரியும்? உங்கப்பன்ட்ட கேளுங்க, அவன்தான் படிச்சவன்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள் அல்லவா? அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளை அப்படிச் சொல்ல வைத்தவன் நான்தான்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. என் அக்கா, அதாவது உங்கள் அத்தை, ஒன்பதோடு நின்றுவிட்டு, போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். என் புத்தகத்தையே படித்து, அந்த வருடம் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கணக்கில் மட்டும்தான் பயம்.

ஒரு சாயங்காலம் நான் போட்ட கணக்கு இது: √(x + 6) = x. இரண்டு பக்கத்தையும் வர்க்கமாக்கினால் மூலக்குறி போய்விடும். x² − x − 6 = 0. விடை 3, −2. ஒன்று கேட்டால் இரண்டு வந்த பெருமையில் இரண்டுக்கும் அடியில் கோடு இழுத்தேன்.

வேலை விட்டு வந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அப்பு, திரும்பப் போட்டுப் பாத்தியா? மைனஸ் ரெண்டப் போட்டா, மூலத்துக்குள்ள நாலு. அதுக்கு மூலம் ரெண்டுதான? அந்தப் பக்கம் மைனஸ் ரெண்டுல்ல நிக்குது."

"அதான் வந்துருச்சுல்ல!"

"வந்தா? காயும்தான் பச்சையா, தடியா வரும். நசுக்கிப் பாத்தாத்தான் உள்ள வெதையில்லாத பொக்குன்னு தெரியும்."

"பொக்குப் பொறுக்குறவ அந்தச் சோலிய மட்டும் பாரு."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பில் வாத்தியார் −2ஐச் சிவப்பு மையால் அடித்து, "வர்க்கமாக்குனா இல்லாததும் வந்து சேரும். போட்டுப் பாக்க மாட்டியாடா?" என்று காதைத் திருகினார். காதைவிட மனசு எரிந்தது.

வீட்டு வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள். "வாத்தியார் என்னடா சொன்னாரு? வெரசாச் சொல்லு."

"ரெண்டும் சரின்னுட்டாரு. நீ சொன்னது உங்காலத்துக் கணக்காம்."

"ரெண்டு வருசத்துல எங்காலம் ஆயிருச்சா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. விரல்களை மடக்கி மடக்கி எதையோ முணுமுணுத்துப் பார்த்தாள். "எனக்கு அப்படித்தான வருது..." என்றாள். நோட்டைக் காட்டச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சிவப்பு மை தெரிந்திருக்கும். தம்பி பொய் சொல்வான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதன்பின் அவள் என் புத்தகத்தைத் தொடவில்லை.

சில வாரம் கழித்து, அலமாரியில் பருப்பு டப்பாவைத் தூக்கினேன். அடியில் விரித்திருந்தது தேர்வு விண்ணப்பம். பெயரும் பிறந்த தேதியும் அவள் கையெழுத்தில் இருந்தன. மற்ற கட்டங்கள் காலி. கடைசி நாளும் போயிருந்தது. அக்காவுக்குப் படிப்புச் சலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கண்ணால் பார்த்த சரியைக்கூட, தாங்கள் நம்பும் ஒருவன் தப்பென்றால் மனிதர் விட்டுவிடுவார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது.

வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் அவள் பெயர் கண்ணில் படுவது ஏனோ பிடிக்காமல், எழுத்து கீழே போகும்படி அந்தக் காகிதத்தைத் திருப்பி விரித்து, டப்பாவை மேலே வைத்தேன்.