சுவருக்கு மேலே ஒரு தகரம்

போன வாரம் ஒரு மத்தியானம். சோற்றில் கை வைத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அலறல்.

"மாமா... பாஸ்! பாஸாயிட்டேன்!"

நான் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் லயம் முழுக்க விசில். எங்கள் லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் தோட்டத்து வீடுகள்; வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. இங்கே தும்மினால் நாலாவது வீட்டுக் காம்பராவிலிருந்து "நூறு ஆயுசு" என்று வரும்.

அலறியவள் கௌசல்யா. இரத்தினபுரி டவுனில் ஒரு கணக்காய்வு ஆபீஸில் வேலை. முதலீட்டுத் துறையில் ஒரு பெரிய தொழிற்பரீட்சை — மூன்று லெவல், எல்லாம் இங்கிலீஷ். இரண்டை ஒரே மூச்சில் தாண்டியவள், கடைசி லெவலில் போன தடவை விழுந்துவிட்டாள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா விட்டுருவேன் மாமா. திரும்ப எழுத மனசுல தெம்பு இல்ல" என்று அப்போதே சொல்லியிருந்தாள்.

ஏன் விழுந்தாள்? எங்களுக்கா தெரியாது... சத்தம்! பக்கத்து டீவி, எதிர் லயத்து ரேடியோ, எல்லாவற்றுக்கும் மேலே என் வாய். "ஏங்க, சுவத்துக்கு மேல இருக்கிற ஓட்டைய அடைச்சுக் குடுங்க. புள்ள படிக்கட்டும்" என்றாள் என் மனைவி சரோஜா. தகரம் வாங்கி, ஏணி போட்டு, நானே ஆணி அடித்தேன். ஏதோ பாலம் கட்டித் திறந்தவன் மாதிரி இறங்கினேன்.

அந்தச் சமயம்தான் நான் ரிட்டயர் ஆகி, என் ஈ.பி.எஃப். சேமிப்புப் பணம் கைக்கு வந்தது. என் கூட்டாளி சுனில் மாணிக்கக் குழி தோண்டுகிறார். தண்ணீர் இறைக்க பம்ப் வேண்டும். பணம் போட்டால் கிடைக்கிற கல்லில் பங்கு. "பயவென்ட எப்பா, அய்யே!" — பயப்படாதே என்று சிங்களத்தில் தைரியம் சொன்னார். பயப்படுகிற ஆளா நான்? பயந்தது சரோஜாதான். வீட்டில் தினமும் போர்.

ஒரு சாயங்காலம், சண்டை உச்சத்தில் இருக்கும்போது வாசலில் கௌசல்யா.

"மாமா, தகரத்தக் கழட்டுங்க. சண்ட பாதிதான் கேக்குது."

அவளே உட்கார்ந்து விளக்கினாள்.

"மொத ரெண்டு லெவல்லயும் சரியான விடையத் தெரிவு செஞ்சா போதும். கடைசியில ஒரு குடும்பத்துக் கதையக் குடுத்து, இவங்க பணத்த எங்க போடலாம், ஏன்னு எழுதச் சொல்றாங்க. போன தடவ நான் புத்தகத்த எழுதினேன். குடும்பத்தப் பாக்கவே இல்ல."

"இப்ப?"

"இப்பதான் வெளங்குது. மாமாவுக்கு ஆச பெருசு, நட்டம் வந்தா தாங்குற சக்தி சின்னது. ரெண்டும் முட்டிக்கிட்டா, சின்னதுக்கு ஏத்த மாதிரிதான் பணம் போடணும்."

"அதத்தானே நான் தொண்ட கிழியக் கத்துறேன்!" என்றாள் சரோஜா. குழிப் பேச்சு அன்றோடு முடிந்தது. தகரம் இறங்கியது.

பிறகு நடந்ததுதான் கூத்து. "கௌசி, என் மகன் டுபாய்லருந்து அனுப்புறத என்ன செய்ய?" என்று மூன்றாவது காம்பரா கேட்கும். "த்ரீவீலர் எடுக்கவா, வேணாமா?" என்று கடைசி காம்பரா கத்தும். எல்லாம் சுவருக்கு மேலே! அவள் முதலில் தமிழில் அவர்களைச் சமாளிப்பாள்; பிறகு அதையே இங்கிலீஷில் எழுதிப் பார்ப்பாள். ஒத்துக்கொள்ளாதவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்கும் ஒரு பதில் எழுதுவாள்.

கொழும்பில் பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினாள். "ஒரு கேள்வியில நீங்களே இருந்தீங்க மாமா. ரிட்டயர் ஆனவரு, ஆச அடங்கல. பேரு மட்டுந்தான் வெள்ளக்காரப் பேரு!"

ரிசல்ட் வரும்வரை லயத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானே எடுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

வந்த அன்று வெடி கொளுத்தியவர் யார் தெரியுமா? சுனில். நான் குழியில் பணம் போடாத கோபம் துளியும் இல்லை. "நங்கி, மகே கேஸ் ஏகத் பலன்ன" — தன் கேஸையும் பார்க்க வேண்டுமாம்.

படிப்புக்கு அமைதி வேண்டும் என்கிறோம். மனிதர்களைப் பற்றிய படிப்புக்கு மனிதர் சத்தமும் கொஞ்சம் வேண்டாமா?

அந்தத் தகரத்தைக் கோழிக்கூட்டுக்குப் போட்டுவிட்டேன். பாவம், அதுகளுக்கு இனி படிப்பு ஏறாது!