சாம்பிராணிக்குத் திறக்காத கதவு

பிள்ளைகளா, காரைக்காலில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளனாக இருந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டாயிரம் பிறந்த பிறகு வந்த வருஷங்கள் அவை. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு பெண் அங்கே ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்தார். கடலுக்குப் போகிற குடும்பம்.

அவர் வேலையை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் சிலிக்கன் இருக்கிறதே, அதில் நகத்தளவு ஒரு தகடு. அதைக் கரைசலில் ஊறப்போட்டால், கரைசலில் இருக்கும் மூலக்கூறுகள் ஒரு முனையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு, நாற்று நட்ட மாதிரி நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். ஒரே அடுக்கு. அதன் வழியே மின்சாரம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. தூசி, புகை, விரல் எண்ணெய், எது பட்டாலும் கெட்டுவிடும். கடற்காற்றின் ஈரத்தில் ஏற்கெனவே இரண்டு தகடுகள் வீண். குப்பியில் கடைசியாக மிச்சமிருந்த கரைசல் மருந்தை ஊற்றித்தான் இன்னொன்று போட்டிருந்தார். இதுவும் போனால் ஆராய்ச்சியை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

தகட்டை வெளியே எடுக்கிற அன்றைக்கென்று பார்த்துக் கல்லூரியில் ஆயுதபூசை. அறை அறையாகச் சாம்பிராணி காட்டி, கருவிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் உள்ளே தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு முன்னால் நின்றேன்.

தூபக்காலோடு முதலில் வந்தவர் ஸ்டோர் கீப்பர்.

"கதவத் தொறப்பா. எல்லா ரூமுக்கும் காட்டுறோம், இது மட்டும் என்ன ஒசத்தி?"

"பூசைய வேணாங்கலண்ணே. பொகை உள்ள போகக்கூடாது. கதவுக்குப் பொட்டு வச்சிட்டுப் போங்க."

"நாளைக்கு ஏதாச்சும் வெடிச்சிச்சின்னா?"

"என் தலையிலயே விழட்டும்."

சாமிக்கே கதவடைக்கிறான் பார் என்றார் பின்னால் ஒருவர். மேலே புகார் சொல்வோம் என்றார்கள். சொல்லுங்கள் என்றேன். வீட்டில் அரிவாள்மனைக்குக்கூடப் பொட்டு வைக்கிறவன்தான் நான். தொழிலைக் கும்பிடுகிற நாள் அது. உள்ளே நடந்ததும் தொழில்தானே?

கதவில் குங்குமத்தை அப்பிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் என்னை உள்ளே கூப்பிட்டுத் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார். வெறும் தகட்டில் தண்ணீர் பரவி ஓடிவிடும். இதில் முத்துப்போல் உருண்டு நின்றது.

"அடுக்கு ஒட்டிடுச்சிண்ணே" என்றார்.

மறுவாரம் கல்லூரித் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. அன்றைக்குக் கதவடைத்த பலன் என்று ஸ்டோர் கீப்பர் நேரே என்னிடம் வந்தார்.

"மோட்டாருக்கு நீங்கதானண்ணே பொட்டு வச்சீங்க" என்றேன்.

அடுத்த ஆயுதபூசைக்கும் உள்ளே ஒரு தகடு ஊறிக்கொண்டிருந்தது. நான் திறக்கவில்லை.