டெனிவாவின் நாற்பது சொற்கள்

எங்கள் முதலாம் ஆண்டு உயிரியல் வகுப்பில் அறுபத்தெட்டுப் பேர். அறுபத்தேழு பேர் பள்ளியை முடித்த கையோடு வந்தவர்கள். மிச்சம் ஒருவர் டெனிவா. அவருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. எந்த ஆய்வகத்தில் எங்களோடு மாணவராக நின்றாரோ, அதே ஆய்வகத்தில் பதினேழு வருடமாக உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

கியோகா ஏரிக்கரையில் பிறந்தவர். அப்பா மீன் பிடித்தவர். நான்கு வருட உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றுபோய், பல்கலைக்கழகத்துக்குத் தரை கூட்ட வந்து, அப்படியே ஆய்வகத்துக்குள் நுழைந்துவிட்டார். திங்கட்கிழமை விடியும்போது கோணிப்பையோடு நெல்வயல் சதுப்பில் இறங்கித் தேரை பிடித்து வருவார். எலிகளுக்குத் தீனி வைப்பார். பாட்டில் கழுவுவார். வேலையில் இருப்பவர்களும் நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று விதி வந்ததும் எழுதினார். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினார். அரை நாள் வேலை, அரை நாள் படிப்பு. முதல் ஆண்டில் தோற்றால் மறுபடி சேர்க்க மாட்டார்கள் என்பது நிபந்தனை.

பாடம் எடுத்தவர் டாக்டர் பாலிடாவா. அவருக்கு ஒருவரை அடிக்க இன்னொருவரைக் கம்பாக எடுக்கும் பழக்கம் உண்டு.

முதல் பருவத்தில் தேரையை அறுத்து நரம்புகளை வெளியே காட்டும் செய்முறைத் தேர்வு. டெனிவாவின் தட்டில் தேரை அறுத்த மாதிரியே இல்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி விரித்து வைத்தது போலக் கிடந்தது. இருபதுக்குப் பத்தொன்பது. எனக்கு ஒன்பது. என் பக்கத்தில் உட்காரும் கிருண்டா இதயத்தையே கத்தியால் கிழித்திருந்தான். அவனுக்கு நான்கு.

பாலிடாவா தட்டுகளைச் சுற்றிவந்து நின்றார். "பாட்டில் கழுவுறவன் பத்தொம்பது. நிலத்தை வித்து உங்க அப்பன் அனுப்பிவெச்ச நீ நாலு. கிருண்டா, எந்திரி. இன்னைக்கு எல்லா பாட்டிலையும் நீ கழுவு. டெனிவா, நீ அவன் ஸ்டூல்ல உக்காரு."

"வேணாம் சார். அது என் வேலை, நானே பாத்துக்கறேன்."

"உக்காருன்னா உக்காரு."

டெனிவா ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தார். கிருண்டா எல்லாரும் பார்க்கக் கழுவினான். அவன் போன பிறகு டெனிவா எழுந்து அதே பாட்டில்களை மறுபடி கழுவி வைத்தார். அழுக்கு சரியாகப் போகவில்லை, அவ்வளவுதான் காரணம். கதவருகே நின்று கிருண்டா அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆண்டு முடிவில் வாய்மொழித் தேர்வு. முக்கியமான கருத்துகளும் சொற்களும் நாற்பது. அதிலிருந்து பத்து கேட்பார்கள். டெனிவாவுக்கு அங்கேதான் தடுமாற்றம். உடம்புக்குள் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரியும். அதற்கு என்ன பெயர் என்பதுதான் தெரியாது. ஒரு மதியம் உணவகத்தில் எங்கள் மேசைக்குத் தானே தேநீரும் மண்டாசி என்ற எண்ணெய்ப் பலகாரமும் வாங்கிவந்து வைத்தார்.

"உப்புத் தண்ணியில ஒரு செல்லைப் போட்டா சுருங்கிடும், நல்ல தண்ணியில போட்டா ஊதிடும். இது எனக்குத் தெரியும் தங்கச்சி, பதினேழு வருசமா பாக்கறேன். ஆனா ஹைப்போ, ஹைப்பர்ங்கறாங்களே, எது எதுன்னு வாயில நிக்க மாட்டேங்குது. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு அட்டைக் கட்டு எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுத்துடலாம் அண்ணே," என்று கிருண்டா என்னைக் காட்டினான். "முடேசி கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

அவர் போனதும் கிருண்டா ஒரு மண்டாசியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். "நாப்பதையும் மாத்தினா கண்டுபிடிச்சிருவாரு. நாலு ஜோடியை மட்டும் மாத்திப் போடு."

"பாவம்டா."

"பத்தொம்பது வாங்கறப்ப நமக்குப் பாவம் பாத்தாரா?"

சிரிப்புக்காக எழுதினேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் ஒன்பது மதிப்பெண் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கிருண்டாவை எனக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு செல் தன்னைப் போலவே இன்னொன்றாகப் பிரிந்து தோல் வளர்வதும் காயம் ஆறுவதும் மைட்டோசிஸ். விந்தும் முட்டையும் உண்டாகப் பாதியாகப் பிரிவது மியோசிஸ். நான் முன்னதற்குப் பின்னதையும் பின்னதற்கு முன்னதையும் எழுதினேன். ஹைப்போவையும் ஹைப்பரையும் மாற்றினேன். உள்ளே மரபணுவில் இருப்பது ஜீனோடைப், வெளியே கண்ணுக்குத் தெரிவது பீனோடைப். அதையும் மாற்றினேன். மறைந்து நிற்கும் பண்பு, மேலோங்கி நிற்கும் பண்பு, அதையும். மொத்தம் எட்டு அட்டை. மீதி முப்பத்திரண்டும் சரி.

டெனிவா அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். தேரைப் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது வாய் முணுமுணுக்கும். கிருண்டா வழியில் மறித்துக் கேட்பான்.

"அண்ணே, பீனோடைப்?"

"உள்ள எழுதியிருக்கறது. வெளியில தெரியாது."

"சபாஷ் அண்ணே. அடுத்த வருசம் நீங்க எங்களுக்குப் பாடம் எடுக்கலாம்."

அவர் முகம் மலர்ந்துவிடும். நான் வேறு பக்கம் பார்ப்பேன். சிரிப்பை அடக்கத்தான்.

நூலகத்தில் பாடப் புத்தகம் இரண்டே பிரதி. வெளியே தரமாட்டார்கள், நூலகமும் டெனிவாவின் வேலை நேரத்தில்தான் திறந்திருக்கும். ஒருநாள் எப்படியோ போய்ப் பார்த்திருக்கிறார். நேராக எங்களிடம் வந்தார்.

"தம்பி, புத்தகத்துல மியோசிஸுக்கு வேற மாதிரி போட்டிருக்கே."

கிருண்டா கண் இமைக்கவில்லை. "அது பழைய பதிப்புண்ணே. போன வருசம் பேரெல்லாம் மாத்திட்டாங்க. பாலிடாவா சார் புதுசைத்தான் கேப்பாரு."

டெனிவா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் அதற்கப்புறம் நூலகத்துக்குப் போகவில்லை.

எங்கள் துறையில் வாய்மொழித் தேர்வைக் கதவு திறந்து வைத்துத்தான் நடத்துவார்கள். அடுத்த ஐந்து பேர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். டெனிவாவுக்கு அடுத்து நான். கிருண்டாவும் அதே பெஞ்சில். டெனிவா சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கழுத்துப்பட்டி இறுக்கமாக இருந்தது.

"மைட்டோசிஸ் என்ன, எங்க நடக்கும்?" என்று கேட்டார் பாலிடாவா.

"குரோமோசோம் பாதியாகும் சார். விந்தும் முட்டையும் உண்டாகற இடத்துல நடக்கும்."

பாலிடாவா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப உன் கையில காயம் பட்டா எப்படி ஆறும்?"

"மியோசிஸ்ல சார்."

"விந்தா ஊறி ஆறுமா?"

பக்கத்தில் இருந்த இரண்டு தேர்வாளர்களும் சிரித்தார்கள். பின் பெஞ்சும் சிரித்தது. நானும் சிரித்தேன். டெனிவா ஒன்றும் புரியாமல், தானும் கொஞ்சம் சிரித்து வைத்தார்.

"புதுப் பதிப்புல அப்படித்தானே சார் இருக்கு."

"எந்தப் புதுப் பதிப்பு?"

அவர் சட்டைப்பையிலிருந்து அட்டைகளை எடுத்து நீட்டினார். பாலிடாவா ஒவ்வொன்றாகத் திருப்பினார். அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"யார் எழுதிக் குடுத்தது?"

டெனிவா திரும்பினார். எங்கள் பெஞ்சை ஒரு ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, என் முகத்தில் நிறுத்தினார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அது விளங்கியதை நான் பார்த்தேன்.

அவர் வாய் திறப்பதற்குள் பாலிடாவா அட்டைகளை அவரிடமே தள்ளிவிட்டுக் கையை வீசினார். "யாரா இருந்தா எனக்கென்ன. நம்பினது நீ. பதினேழு வருசம் இந்த ரூம்ல நின்னும் இந்த ரெண்டு வார்த்தை உன் மண்டையில ஏறலைன்னா, அடுத்தவனைக் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம்? போ. அடுத்து யாரு, முடேசியா?"

நான் எழுந்து போனேன். எனக்கு வந்த முதல் கேள்வியும் மைட்டோசிஸ்தான். சரியாகச் சொன்னேன். பத்துக்கு ஒன்பது.

தோற்றவர்களுக்கு ஆறு வாரம் கழித்து எழுத்தில் மறுதேர்வு உண்டு. அந்த வாரமே டெனிவா விடுதி வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். இல்லை. அட்டைக் கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நடந்தது போகட்டும்மா. சின்னப் புள்ளைங்க, விளையாடிட்டீங்க. எது எதை மாத்தினீங்கன்னு மட்டும் சொல்லிடு. மத்ததை வெச்சுப் பொழைச்சுக்கறேன்."

சொல்லியிருக்கலாம். எட்டு அட்டையை உருவிக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகும். ஆனால் தேர்வில் மோசடி செய்தவர் யார் என்று துறையில் விசாரிக்கப்போகிறார்கள் என்று அன்று காலைதான் ஒரு பேச்சு அடிபட்டது. என் அப்பாவின் முகம் கண் முன்னால் வந்தது.

"நான் எதையும் மாத்தலையே," என்றேன். "நீங்கதான் தப்பா மனப்பாடம் பண்ணியிருப்பீங்க."

அவர் ஒரு அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இது உன் எழுத்துதானேம்மா?"

"என் எழுத்து மாதிரி இருக்கு. என்னோடது இல்ல."

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. அது வெறும் பேச்சுதான்.

மறுதேர்வுக்கு அவர் விடுப்பு எடுத்து நூலகப் புத்தகத்தைத்தான் படித்தார். ஆனால் முதலில் மனதில் பதிந்தது போகவில்லை. பெயரைக் கண்டதும் இரண்டு அர்த்தமும் சேர்ந்தே வந்திருக்கிறது. சரியாக எழுதிக் கொடுத்த சொற்களையும் அவர் நம்பவில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டாம் ஆண்டின் முதல் வகுப்பில் பாலிடாவா டெனிவாவின் விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் எழுதி, அதற்குக் கீழே அதற்கு நேர்மாறான பதிலை எழுதி, இரண்டையும் டெனிவா அடித்திருந்தார். பன்னிரண்டு கேள்விக்கும் அப்படியே.

"இதுக்குப் பேர் டெனிவா உயிரியல்," என்றார் பாலிடாவா. "எது சொன்னாலும் தப்பு."

வகுப்பு சிரித்தபோது டெனிவா பின்னால் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பழையபடி முழுநேர உதவியாளர். 'டெனிவா உயிரியல்' என்ற சொல் துறையில் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்களுக்குப் பாடங்களைத் திருப்பிப் பார்க்கும் வகுப்பில் பாலிடாவா அந்தக் கதையைச் சொல்வார், அவரை வைத்துக்கொண்டே சொல்வார். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் டெனிவா அறுத்து வைத்த எலியின் முன் நின்று என்னிடம் மெதுவாக, "இது கல்லீரல்தானே மேடம்?" என்று கேட்டார். அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கல்லீரலைப் பார்த்து அவர் சந்தேகப்பட்டதும் அதுதான் முதல் தடவை. நான் ஆமாம் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவனிடமும் கேட்டார்.

நாங்கள் பட்டம் வாங்கிய வருடம் அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். கிருண்டா கம்பாலாவில் மருந்து விற்கிறான். நல்ல கார் வைத்திருக்கிறான். ஒருமுறை பேச்சை எடுத்தேன். "யாரு டெனிவா?" என்றான். நடிக்கவில்லை, நிஜமாகவே மறந்திருந்தான்.

நான் உயிரியல் ஆசிரியை ஆனேன். பதினாறு வருடம் கழித்து, கியோகா ஏரிப் பக்கம் புயெண்டேயில் ஒரு பள்ளிக்கு மாற்றலானேன். அங்கே நாலாம் படிவ வகுப்பில் நங்கோபி என்று ஒரு பெண். நுண்நோக்கியில் பார்த்ததை அவள் வரைந்தால் நான் அதைப் பலகையில் ஒட்டிவைப்பேன். மேல்நிலைக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் அவள் உயிரியலை எழுதியிருக்க, யாரோ அதை அடித்து வரலாறு என்று எழுதியிருந்தார்கள். கீழே தந்தையின் கையொப்பம். டெனிவா ஸ்டீபன்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வலை விரித்துப் பொடிமீன் காயப்போட்டிருந்தது. நங்கோபி மீனைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். டெனிவாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். நாற்காலி போட்டார்.

"உங்க பொண்ணு என் வகுப்புலயே முதல். அவளை உயிரியல் எடுக்க விடுங்க."

"வேணாம் மேடம்."

"அவ ஆசைப்படறா."

"தெரியும். வேணாம்."

இத்தனை வருடம் வாயில் வராதது அப்போது வந்துவிட்டது. "நான்தான் மாத்தி எழுதினேன். எட்டு அட்டை. மத்தது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

அவர் குனிந்து வலைக்கு வெளியே விழுந்த ஒரு மீனை எடுத்துப் போட்டார். "எட்டுதானா?" என்றார். "நாப்பதும்னு நெனச்சேன்."

நங்கோபி கிளறுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். "அப்பா, நீங்க யுனிவர்சிட்டில படிச்சீங்களா?"

அவர் மகளிடம் அதைச் சொன்னதே இல்லை என்பது எனக்கு அந்தக் கேள்வியில்தான் தெரிந்தது. அவர் முகம் சுருங்கியது. நான் மன்னிப்புக் கேட்கத்தான் சொன்னேன். கேட்பதற்குள் அவர் மறைத்து வைத்திருந்த ஒன்றை மகள் முன்னால் இழுத்துப் போட்டுவிட்டிருந்தேன்.

"இல்ல," என்றார். "மீன் ஒரு பக்கமாவே காயுது பாரு, திருப்பிப் போடு."

என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். வாடகை மோட்டார்சைக்கிள்காரனிடம் என்னை எங்கே இறக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

நங்கோபி வரலாறும் புவியியலும் பொருளாதாரமும் எடுத்தாள். மூன்றிலும் அவளுக்கு மதிப்பெண் வரவில்லை. இரண்டாம் பருவத்தோடு பள்ளிக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.