முகம் பார்க்காத டாக்டரம்மா

“வயசு மட்டும் சொல்லு. பேரு பொறவு.”

கேட்டுக்கொண்டே எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிவிடுகிறார் தங்கபாய் டாக்டர். பக்கத்திலேயே விளக்குப் பெட்டி இருக்கிறது, பெரிய கம்ப்யூட்டர் திரையும் இருக்கிறது. இருந்தாலும் முதல் பார்வை ஜன்னலுக்குத்தான். “பதினாலு” என்று பதில் வந்தால் தலை ஒரு பக்கம் சாயும். “அம்பத்தாறு” என்று வந்தால் மறுபக்கம் சாயும். எலும்பில் வரும் கட்டிகளில் பாதியை வயதே காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

இராஜபாளையத்தில் அவர் உட்காரும் ஸ்கேன் சென்டருக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். பன்னிரண்டு வருஷமாக அவரைப் பார்க்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலை ரயிலில் வந்து இறங்குவார். ஐம்பத்தெட்டு வயது, வெளுத்த கைத்தறிச் சேலை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் கிடையாது. கைப்பையில் ஒரு பூதக்கண்ணாடியும் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் இரும்பு ஸ்கேலும் இருக்கும். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது கைக்குப் பழகிவிட்டது. என்னிடம் வாங்கும் மாத்திரை அட்டையைப் பார்ப்பார், தபால் உறையைப் பார்ப்பார். ஒரு நாள் ஆப்பிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதன் பிறகு கடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நம்புங்கள்.

எலும்புக் கட்டிகள் அவருக்கு இரண்டே சாதி. சாது, போக்கிரி. “ஓரத்தப் பாருங்க அண்ணாச்சி. பென்சில் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருந்தா சாது. மெதுவா வளருதவன். அவன் வளருததுக்குள்ள எலும்பு சுத்திச் சுவர் எழுப்பிரும். போக்கிரி சுவர் எழுப்ப நேரம் குடுக்க மாட்டான். எங்க தொடங்குது எங்க முடியுதுன்னே தெரியாது.” இதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டியிருக்கிறேன். ஆபத்தில்லாத கட்டி என்று தெரிந்துவிட்டால் ரிப்போர்ட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு, படத்தின் உறைமேல் சிவப்புப் பேனாவால் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதுவார்: ‘தொட வேண்டாம்’. கத்தி வைக்காதே, ஊசி போட்டுச் சதை எடுக்காதே, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று அர்த்தம்.

இவ்வளவு நல்லவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படத்தைப் பார்த்து முடிக்கும்வரை நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். அறைக்குள்ளேயே விடமாட்டார். வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும், படம் மட்டும் உள்ளே போக வேண்டும். எனக்கு இது பிடிக்காது. “இது திமிர் இல்லையா டாக்டரம்மா?” என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

“திமிருதான். இப்போ என்னங்கிய?” என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார். “மூஞ்சியப் பார்த்தா மனசு இளகிரும். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதேன்னு தோணும். அப்படித் தோணுச்சுன்னா கண்ணு பொய் சொல்லும்.” மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து இரண்டு பழைய படங்களைக் காட்டினார். முப்பது வருஷத்தில் அவர் தப்பாகச் சொன்னவை அந்த இரண்டும். இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். ஆனாலும் படங்களை வைத்திருக்கிறார். இரண்டுமே அவருக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள்.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாரிக்கனி என் கடைக்கு வந்தார். இங்கே பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் துணி மடிக்கிற வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். கூடவே மகள் முத்தீஸ்வரி, பத்தொன்பது வயது, நொண்டிக்கொண்டு. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். இன்னும் பன்னிரண்டு நாளில் நானூறு மீட்டர் ஓடிக்காட்ட வேண்டும். ஓடிப் பழகும்போது விழுந்து முழங்கால் வீங்கியதில், ஊரிலேயே எங்கோ ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். படம் கம்ப்யூட்டர் வழியாக வேறு ஊருக்குப் போய், யாரோ ஒருவர் பார்த்து ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறார்.

ரிப்போர்ட்டை மருந்துக்கடையில் படிக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். படித்தேன். தொடை எலும்பின் கீழ்முனையில் கட்டி, எலும்பின் மேல்தோல் அடுக்கடுக்காக உரிந்து வளர்ந்திருக்கிறது, புற்றுநோயாக இருக்கலாம், மதுரைக்குப் போய்ச் சதை எடுத்துச் சோதிக்கவும். ரிப்போர்ட்டை மடித்து உறைக்குள் வைத்தேன்.

“அண்ணாச்சி, உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?” என்றார் மாரிக்கனி. “காலை எடுத்துருவாகளோ?”

அன்றைக்குத்தான், நோயாளியை வெளியே உட்கார வைக்கும் தங்கபாய் டாக்டரின் கெட்ட பழக்கத்தை நான் மன்னித்தேன்.

இருவரையும் மாடிக்கு அழைத்துப் போய்ப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் படத்தை நானே உள்ளே கொண்டுபோனேன். “வயசு?” “பத்தொம்பது.” ஜன்னலுக்குத் தூக்கினார். பார்த்தார். இறக்கினார். மறுபடி தூக்கினார். இரண்டாம் தடவை தூக்கி நான் பார்த்ததே இல்லை.

“இங்க வாங்க அண்ணாச்சி. இந்தக் குமிழ் தெரியுதா? எலும்போட ஓரத்துல, திராட்சை மாதிரி. சுத்தி வெள்ளையாச் சுவர். எங்கயும் உடையல. இவன் சுத்தமான சாது. வளருத பிள்ளைகளுக்கு வாரது, தானா எலும்போட எலும்பாப் போயிரும்.” ஸ்கேல் நகர்ந்தது. “ஆனா பக்கத்துல இந்த மூணு வெள்ளைக் கோடு இருக்கு பாருங்க, அடுக்கடுக்கா. இது போக்கிரியோட வேலை. சாது வீட்டுல போக்கிரி எப்படிக் குடியிருப்பான்?”

ஸ்கேலின் விளிம்பை ஒரு கோட்டின்மேல் வைத்து மெதுவாகப் பின்தொடர்ந்தார். கோடு எலும்பைவிட்டு விலகியது. சதையின் சாம்பல் நிறத்தைத் தாண்டியது. தோலையும் தாண்டி, காற்றின் கறுப்பில் ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது.

“தோலுக்கு வெளிய எந்த எலும்பு வளரும் வே?” என்றார் டாக்டர். ‘அண்ணாச்சி’யை விட்டுவிட்டு என்னை ‘வே’ போட்டுப் பேசியதும் அன்றைக்குத்தான்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. படத்தைப் பார்த்து முடிக்காமலேயே எழுந்து, கதவைத் திறந்து, பெஞ்சுக்குப் போனார். முத்தீஸ்வரி பயந்து எழுந்தாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து சுடிதார்க் காலை மேலே சுருட்டினார். முழங்காலுக்கு மேலே வரை வெள்ளைத் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது.

“ஏட்டி, படம் எடுக்கும்போது இந்தக் கட்டு இருந்துச்சா?”

“இருந்துச்சு டாக்டர். அவுத்தா வலிக்கும்னேன். வெறும் துணிதான, படத்துல தெரியாதுன்னு சொல்லி அப்படியே எடுத்துட்டாக.”

“யாரு கட்டுனது?”

“நான்தாம்மா,” என்றார் மாரிக்கனி. “கம்பெனில வெட்டிக் கழிச்ச துணிய வீட்டுக்குக் கொண்டுவருவோம். எங்க தெருவுல யாருக்கு வீங்குனாலும் அதத்தான் சுத்துவோம். மூணு சுத்து, இறுக்கி...”

டாக்டர் கட்டை அவிழ்த்தார். துணியின் நடுவே நெடுக ஒரு நீல நூல் ஓடியது. அதை விரலில் சுற்றி மாரிக்கனியின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

வெளிநாட்டு ஆர்டருக்குப் போகிற ஆபரேஷன் துணியில் அந்த நூலை வைத்து நெய்வார்கள். வயிற்றுக்குள் துணியை மறந்துவைத்துத் தைத்துவிட்டால், எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாகத் தெரிந்து காட்டிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே உள்ள நூல். பேண்டேஜ் கம்பெனிகள் உள்ள இந்த ஊர்க்காரனான எனக்கே அது உறைக்கவில்லை.

மாரிக்கனிக்கு உறைத்தது. “ஐயையோ, எக்ஸ்ரே நூலு!” என்று தலையில் அடித்துக்கொண்டார். “எட்டு வருசமா தெனம் மடிக்கேன். பேரே எக்ஸ்ரே நூலுதான் டாக்டரம்மா! பெத்த பிள்ளைக்கு நானே கேன்சர சுத்தி விட்டுட்டனே, பாவி!”

“அழாதம்மா. இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கு,” என்றார் டாக்டர். எக்ஸ்ரே எடுக்கும் பெனினைக் கூப்பிட்டு, காலில் ஒரு நூல்கூட இல்லாமல் புதிதாக எடுக்கச் சொன்னார்.

புதுப் படம் வந்தது. ஜன்னலுக்குப் போனது. மூன்று கோடுகளும் இல்லை. குமிழும் அதைச் சுற்றிய சுவரும் மட்டும் இருந்தன. டாக்டர் ஸ்கேலால் அளந்தார், எலும்பின் அகலத்தில் கால்வாசிகூட இல்லை. அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். “சாதுன்னா இப்படியொரு சாது கிடையாது. ஆறு மாசம் கழிச்சு ஒருக்கா படம் எடுத்துட்டு வரட்டும், போதும்.” வீக்கம் விழுந்ததால் வந்த சுளுக்கு, அது எப்போதோ வற்றிவிட்டது, இத்தனை நாளும் நொண்டவைத்தது இறுகிய கட்டும் பயமும்தான் என்றார். உறைமேல் சிவப்புப் பேனா ஓடியது: ‘தொட வேண்டாம்’. அவிழ்த்த துணியைச் சுருட்டி, அந்த இரண்டு படங்கள் இருக்கும் இழுப்பறையில் போட்டார்.

“இது உங்க தப்பு இல்லையே?” என்றேன்.

“படத்த மட்டும் பார்த்து ரிப்போர்ட் குடுத்தவரு தப்பு. நானும் அப்படித்தான பார்க்கேன்,” என்றார்.

வெளியே மாரிக்கனி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு அழுதார். முத்தீஸ்வரி அழவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. “டாக்டர், நான் ஓடலாமா?”

“ஓடலாமாவா? இப்பவே ஓடு. பின்னால கார் நிறுத்துத இடம் காலியாத்தான் கிடக்கு. அந்தக் கடைசிச் சுவரத் தொட்டுட்டு வா. வலிச்சா நின்னுரு.”

எல்லோரும் கீழே இறங்கினோம். முத்தீஸ்வரி செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, முதல் நாலு அடியைப் பயந்து பயந்து வைத்தாள். ஐந்தாவது அடியில் ஓட்டம் பிடித்தது. சுவரைத் தொட்டாள், திரும்பினாள். வெயில் அவளுக்கு எதிரே அடித்தது. பத்தடி தூரத்தில் வரும்போது, வாயெல்லாம் பல்லாக, வியர்வையும் கண்ணீரும் வழிய வந்தாள்.

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். தங்கபாய் டாக்டர் அவள் காலைப் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அந்தப் பிள்ளையின் செருப்பு இரண்டையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு.